கதவுக்கு வெளியே நின்றவர்

அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷமாக லிஃப்ட் ஓட்டுகிறவரை எல்லாரும் ‘மூணு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிரசவ அறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. யார் ஏறினாலும் அவர் விரல் முதலில் மூன்றைத்தான் அமுக்கும். ஐந்தாம் மாடி அலுவலகத்துக்குப் போகிறவர்கள்கூட மூன்றில் ஒருமுறை நின்று, கதவு திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

“மூணு அண்ணே, எனக்கு அஞ்சு.”

“அஞ்சுக்குப் போகணும்னா மூணைத் தாண்டித்தானே போகணும்? போற வழிதான், ஏறு.”

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது கைப்பிடி லிஃப்ட். மாடி வருவதற்கு எவ்வளவு முன்னால் பிடியை விடுவது என்பது ஓட்டுகிறவர் கையில் இருந்தது. அரை அங்குலம் மேலேயோ கீழேயோ நின்றுவிட்டால், தள்ளுகட்டிலின் சக்கரம் விளிம்பில் மோதும். மோதுவது சக்கரம்தான், ஆனால் வலி எடுத்துப் படுத்திருப்பவளின் இடுப்பில் அது இடியாக இறங்கும். அதனால் உள்ளே எத்தனை பேர், எவ்வளவு எடை என்று கண்ணாலேயே நிறுத்துப் பார்த்து, பூப்போலக் கொண்டுபோய் நிறுத்தப் பழகினார். பிறகு பொத்தான் லிஃப்ட் வந்தது. ஆளே தேவையில்லை என்றார்கள். தள்ளுகட்டிலைத் தள்ளி ஏற்ற ஒரு ஆள் வேண்டும் என்று நர்ஸுகள் எல்லாரும் சண்டை பிடித்து அவரை வைத்துக்கொண்டார்கள்.

கீழிருந்து மூன்றாம் மாடிக்கு ஐம்பத்திரண்டு வினாடி. அளந்து சொன்னவள் அவருடைய ஒரே மகள். அவள் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை செய்கிறாள். நாடித் துடிப்பு காட்டுகிற மானிட்டர், சுவாசக் கருவி, ஆக்சிஜன் குழாய் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டுவாள். பேச்சு குறைவு. “மெஷினாவது பீப் பீப்னு ரெண்டு வார்த்தை பேசும், இவ வாயத் தொறக்க ஸ்பேனர் வேணும்” என்று அவள் அம்மா கிண்டல் செய்வாள்.

அந்த அம்மா போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. காலையில் துணி உலர்த்தியவள் மாலையில் இல்லை.

மகள் ஏழாம் மாதத்தில் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். மருமகன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. குழந்தை பிறந்து இரண்டு மாதம் கழித்துத்தான் கரைக்கு வருவான். அவனுக்கும் தாய் இல்லை. மகளுக்குக் கால் வீங்கி அவளுடைய செருப்பு எதுவும் நுழையவில்லை. அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோலக் குனிந்துகொள்வார்.

எட்டாம் மாதம் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சை ஆரம்பித்தார்.

“ஏம்மா, இப்பல்லாம் ஆஸ்பத்திரியில பொம்பளைத் துணை ஒருத்தரை உள்ள விடுறாங்க, தெரியும்ல?”

“தெரியும்.”

“டூலான்னு சொல்றாங்க. அதையே தொழிலா செய்யிறவங்க. ஒருத்தங்க நம்ம லிஃப்டுல அடிக்கடி வர்றாங்க. வந்து பேசச் சொல்லட்டுமா?”

மகள் கையிலிருந்த டீயை வைத்தாள். “அவங்க மருந்து கொடுப்பாங்களா?”

“இல்ல.”

“குழந்தை எப்படி இருக்குன்னு பாப்பாங்களா?”

“அது டாக்டர், நர்ஸ் வேலை.”

“அப்புறம் என்னதான் செய்வாங்க?”

“கூட இருப்பாங்க.”

“சும்மா கூட இருக்கவா ஒரு ஆள்?”

அவர் மேஜையைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“நான் கண்ணால பாத்திருக்கேன்மா. அந்தம்மா கூட வந்தா ஒருத்தி கத்துற கத்தே வேற மாதிரி இருக்கும்.”

“நீங்க பாத்தது அம்பத்திரெண்டு செகண்ட். அதை வச்சு முடிவு பண்ணலாமா?”

“ஒரு தடவையா பாத்தேன்? ஒரு நாளைக்கு ஆறு பேர்னு போடு.”

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஐம்பதாயிரத்தைத் தாண்டியது.

“அதுவும் ஒரு தடவை கரண்ட் போய் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டோம். பத்தொம்பது நிமிஷம். உள்ள நான், கட்டில்ல ஒரு பொண்ணு, அந்தம்மா. நான் கண்ணை மூடிக்கிட்டு மூலையில நின்னேன். அந்தப் பொண்ணு ‘செத்துருவேன், செத்துருவேன்’னுது. அந்தம்மா ‘அப்படியெல்லாம் சொல்லாத’ன்னு ஒரு வார்த்தை சொல்லல. ‘எங்க வலிக்குது, என் கையை அங்க வை’ன்னாங்க. முதுகுல முட்டியை வச்சு அழுத்திக்கிட்டே இருந்தாங்க. கரண்ட் வந்தப்போ நான்தான் பொத்தானைத் தேடிக்கிட்டு நின்னேன், அந்தப் பொண்ணு நிதானமா மூச்சு விட்டுக்கிட்டு இருந்தா.”

அதன் பிறகுதான் அந்த டூலாவுக்கு ‘முதுகம்மா’ என்று அவர் பெயர் வைத்தார். ஆஸ்பத்திரி முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

மகள் எழுந்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஜன்னல்பக்கம் நடந்தாள்.

“அப்பா, தெரியாத ஒருத்தங்க முன்னாடி நான் அழ மாட்டேன். அம்மா இருந்திருந்தா அம்மா வந்திருப்பா. அவ இல்ல. அந்த இடத்துக்கு ஆள் எடுக்க எனக்கு இஷ்டமில்ல.” திரும்பி அப்பாவைப் பார்த்தாள். “என்னைப் பெத்தப்போ அம்மாவுக்கு உள்ள யார் இருந்தா? யாரும் இல்ல. நீங்க கதவுக்கு வெளிய நின்னீங்க. கண்ணாடியில உங்க நிழல் தெரிஞ்சுது, அதைப் பாத்துக்கிட்டேதான் உன்னைப் பெத்தேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கா! அவளுக்கு அது போதும்னா எனக்கும் போதும். நீங்க வாசல்ல நில்லுங்க.”

லிஃப்ட்காரர் மேஜை துடைத்த துணியை மடித்து, மறுபடி பிரித்தார்.

மகள் பிறந்த அன்று அவர் அங்கே நிற்கவில்லை. மகளுக்குத் தெரியாத விஷயம் அது ஒன்றுதான். மனைவி அந்தக் கதையை முதல்முறை சொன்னபோது குழந்தைக்கு மூன்று வயது. மறுத்துச் சொல்ல வாயெடுத்தார், ஆனால் மனைவியின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். அப்புறம் அந்தக் கதை வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னபோது மகள் அதைத்தான் எழுதினாள். கல்யாணப் பேச்சில் மருமகனிடம், “உங்க மாமா மாதிரி நிக்கத் தெரியணும்” என்று மனைவி சொன்னாள். இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த மரியாதையில் பாதி அந்த நிழலுக்குக் கிடைத்தது.

இப்போது அந்த நிழலை நம்பி மகள் தனியாக உள்ளே போகப் பார்க்கிறாள். உண்மையைச் சொன்னால் மகள் கண்ணில் அவர் யார்? சொல்லாவிட்டால் அவள் கதி என்ன? இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் மாடிக்காரர்களை மூன்றில் இறக்கிவிட்டுக் கீழே போனார். மூன்றாம் நாள், மகளிடம் கேட்காமலே முதுகம்மாவை வீட்டுக்கு வரச் சொன்னார்.

முதுகம்மா மாலை ஐந்து மணிக்கு வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கான்வாஸ் ஷூ, தோளில் துணிப்பை. மகள் அப்பாவை முறைத்தாள். ஆனால் வாசலுக்கு வந்துவிட்டவளை நிற்கவைக்க மனசு வராமல் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“அப்பா கூப்பிட்டிருக்காரு, நீங்க கூப்பிடல. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது” என்றாள் முதுகம்மா. “பரவால்ல. டீ குடிச்சிட்டுப் போயிடுறேன். எனக்கும் கால் வலி.”

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“எனக்கு வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்மா. தப்பா நினைக்காதீங்க.”

“தப்பு என்ன இருக்கு? வேணாம்னு சொல்றவங்ககிட்டயும் ஒரு கேள்வி கேப்பேன். பழக்கமாயிடுச்சு. உங்களை உங்கம்மா எப்படிப் பெத்தாங்க, ஏதாவது சொல்லியிருக்காங்களா?”

“எதுக்கு அது?”

“நாம எப்படிப் பிறந்தோம்னு கேட்டு வளர்ந்திருப்போம். நம்ம முறை வரும்போது மனசு அதையேதான் எதிர்பாக்கும். அதைத் தெரிஞ்சுக்கத்தான்.”

மகள் சொன்னாள். காலை ஏழு மணிக்குச் சேர்த்தது, சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறந்தது, அந்தக் காலத்தில் யாரையும் உள்ளே விடாதது, கதவில் பதித்த மங்கல் கண்ணாடி, அதற்கு வெளியே நகராமல் நின்ற அப்பாவின் நிழல். அம்மா சொன்ன அதே வார்த்தைகளில், அதே வரிசையில் சொன்னாள்.

முதுகம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். “பதினோரு மணி நேரம் நின்னீங்களாண்ணா?”

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். அதைத்தான் இத்தனை வருஷமாகச் செய்து வந்தார்.

“இல்ல” என்றார்.

மகள் அவரைப் பார்த்தாள்.

“நான் அங்க நிக்கல. என் லிஃப்டுலதான் அவளைக் கொண்டுபோனேன். அன்னைக்கு இன்னொரு லிஃப்ட்காரன் வரல. கீழ மணி அடிச்சுக்கிட்டே இருந்துது, ரெண்டு கட்டில் காத்துக்கிட்டு இருந்துது. அவ என் சட்டையைப் பிடிச்சிருந்தா. நான் ஒவ்வொரு விரலா எடுத்து விட்டுட்டு, கட்டிலை நர்ஸ்கிட்ட தள்ளிட்டு, கீழ போயிட்டேன். அன்னைக்கு முழுக்க லிஃப்ட் ஓட்டினேன். மூணுல கதவு திறக்குறப்பல்லாம் அவ குரல் கேக்கும். திரும்பிக் கதவை மூடுவேன். ஆறு மணிக்கு நர்ஸ் வந்து பொண்ணுன்னு சொன்னப்போ, நான் கீழ இருந்தேன்.”

“அப்ப அந்த நிழல்?” என்றாள் மகள்.

லிஃப்ட்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அந்த இடத்துல ஆக்சிஜன் சிலிண்டர் நிக்கும்மா. மேல துணி உறை போட்டு வச்சிருப்பாங்க.”

“பெரிய சிலிண்டரா?”

“ஆளுயரம்.”

மகளுக்கு அந்தச் சிலிண்டரைத் தெரியும். வாரத்தில் நான்கு நாள் அதன் வால்வைத் திருகுகிறவள் அவள். கழுத்து ஒடுங்கி, தோள் இறங்கி, இருட்டில் பார்த்தால் ஒரு ஆள் தலைகுனிந்து நிற்பதுபோல இருக்கும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் வந்தது சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

“இத்தனை வருஷமா அம்மா ஒரு சிலிண்டருக்கா பெருமைப்பட்டா?”

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அம்மா செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. தெரியாத ஒருத்தி முன்னால், மூக்கு ஒழுக, தோள் குலுங்க அழுதாள். முதுகம்மா பக்கத்தில் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அழாதே என்று சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவா என்று அப்பாவை விரட்டவில்லை. உள்ளங்கையை அவள் முதுகின் நடுவில் வைத்தாள், அவ்வளவுதான். லிஃப்ட்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெகுநேரம் கழித்து மகள் முகத்தைத் துடைத்தாள்.

“அம்மாவுக்குத் தெரிஞ்சுதான் சொன்னாளா, நிஜமாவே நீங்கன்னு நம்பினாளா?”

“தெரியல.”

“கேக்கவே இல்லையா?”

“இல்ல. கேட்டா அவ என்ன சொல்லுவாளோன்னு பயம். இப்ப பதினோரு மாசமா தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

மகள் முதுகம்மா பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு என்ன தோணுது?”

“அவங்க மனசுல என்ன இருந்துதுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? ஒண்ணு மட்டும் சொல்றேன். உள்ள தனியா கிடந்தவங்க நிறைய பேர் இப்படி ஒரு ஆளைப் பாத்ததா என்கிட்ட சொல்லியிருக்காங்க. ஒருத்தங்க திரைச்சீலையைத் தன் அக்கான்னு நினைச்சுக்கிட்டாங்க.”

மகள் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பழுதான கருவியைத் திறப்பதற்கு முன்னால் அவள் அப்படித்தான் செய்வாள்.

“நீங்க எங்கம்மா இடத்துக்கு வர முடியாது” என்றாள்.

“முடியாது. வரவும் மாட்டேன்.”

“வலியைக் குறைக்க முடியுமா?”

“சில நேரம் கொஞ்சம். சில நேரம் அதுவும் இல்ல.”

“நடுவுல விட்டுட்டு வெளிய போவீங்களா?”

“பாத்ரூம் போவேன். சொல்லிட்டுப் போவேன். நாலு நிமிஷம் ஆகும். எனக்கே முடியாம போனா இன்னொரு துணை வருவாங்க, அவங்களை முன்னாடியே உங்களுக்குக் காட்டிடுவேன்.”

“ராத்திரி, பகல்?”

“எப்பன்னாலும் கூப்பிடலாம்.”

மகள் தலையாட்டினாள். உள்ளே போய் ஸ்கேன் ரிப்போர்ட் வைத்திருந்த கோப்பைக் கொண்டுவந்து முதுகம்மாவின் மடியில் வைத்தாள். “அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி சொல்லியிருக்காங்க. பத்து நாள் முன்ன பின்ன ஆகலாம்.”

முதுகம்மா துணிப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாள். போகும்போது வாசலில் லிஃப்ட்காரரிடம், “நாளைக்கு லிஃப்டுல பாப்போம்ணா” என்று மட்டும் சொன்னாள்.

கதவைச் சாத்திவிட்டு அவர் உள்ளே வந்தார். மகள் அவர் பக்கம் பார்க்கவில்லை. கோபமா, களைப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் துணியவில்லை. டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்து ஒரு கோப்பையை நனைத்தவர், கூடத்தில் போன் அடிக்கும் சத்தம் கேட்டுக் குழாயை மூடினார். கப்பலிலிருந்து மருமகன். அவனுக்கும் அந்த நிழல் கதை மனப்பாடம்.

“ஆள் பாத்தாச்சு” என்றாள் மகள். “ஆமா, டூலாதான்... வேணாம்னுதான் சொன்னேன், இப்ப மாத்திக்கிட்டேன்... ஏனா?”

லிஃப்ட்காரர் ஈரக் கோப்பையைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

“அதை அப்பாவே உன்கிட்ட சொல்லுவாரு. அவர் சொன்னாத்தான் சரியா இருக்கும்” என்றாள் மகள். பிறகு குரலை உயர்த்தினாள். “அப்பா, கையைத் துடைச்சிட்டு வாங்க. போன்.”