எழும்ப மறுத்த ஞானமலர்

பாரிஸின் லாச்சப்பலில் தண்டவாளத்துக்குப் பின்பக்கம் இருந்த சலவைக்கூடத்தில் ஹோட்டல் படுக்கை விரிப்புகள் மலைபோல் வந்து குவியும். மன்னாரிலிருந்து வந்த ஞானமலர் அங்கே விரிப்புகளை நீராவியில் அழுத்தி மினுக்கும் மெசினில் நின்றாள். எண்பத்துமூன்றில் தொழிலாளர் பிரதிநிதித் தேர்தல் வந்தபோது ஒருவரும் முன்வரவில்லை. இவர்களில் யாருக்குப் பிரெஞ்சு வாயில் வரும் என்று மேற்பார்வையாளர் பெர்னார் சிரித்தான். அன்று பின்னேரமே ஞானமலர் பெயர் கொடுத்தாள். வென்றாள்.

பதவி ஒரு வருடத்துக்குத்தான். வருடா வருடம் பெர்னார் தன் ஆள் ஒருவரை எதிரே நிறுத்தினான். வருடா வருடம் அவளே வென்றாள். மாதம் ஒருமுறை முதலாளி அவளைச் சந்தித்து, அவள் கேள்விகளுக்குப் பதிவேட்டில் பதில் எழுத வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை அவள் அகராதி வைத்து வரி வரியாக வாசித்திருந்தாள். பேசியது உடைந்த பிரெஞ்சுதான், ஆனால் நிற்காது.

எண்பத்தாறு கோடையில் நீராவிச் சூடு தாங்காமல், பக்கத்தில் வேலை செய்த கோசலை மெசினடியில் மயங்கி விழுந்தாள். காற்றோட்டம் வேண்டும் என்று ஞானமலர் எழுதிக் கொடுத்தாள். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. பதினொரு மாதம் அதே பதில்.

பன்னிரண்டாவது கூட்டத்தில் அவள் பதிவேட்டைத் திறந்து பதினொரு பதிலையும் சத்தமாக வாசித்தாள். கூட்டம் முடிந்தது என்றார் முதலாளி. அவள் கதிரையை விட்டு அசையாமல் முதலிலிருந்து மறுபடி வாசித்தாள். காலை பத்துக்குத் தொடங்கியது, மத்தியானம் தாண்டியும் ஓயவில்லை. தொண்டை கட்டிவிட்டது. பொலிசைக் கூப்பிடப் போவதாகப் பெர்னார் மிரட்டினான்.

பயந்துபோன கோசலை வாசலில் வந்து நின்றாள். "அக்கா, வேலை போயிடும். எழும்பி வாங்கோ."

"என்னை இஞ்சை இருத்தினது நீங்கள் முப்பத்தொரு பேர். எழும்பச் சொல்லுறதெண்டால் நீங்கள் எல்லாரும் வந்து சொல்லுங்கோ. இவை சொல்லி நான் எழும்பமாட்டன்."

கோசலை திரும்பிப் போய்த் தன் மெசினை நிறுத்தினாள். மற்ற மெசின்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. முதலாளி பேனையை எடுத்து, மின்விசிறி பொருத்தும் திகதியைப் பதிவேட்டில் எழுதினார்.

யூலையில் மின்விசிறிகள் பொருத்தினார்கள். செப்டெம்பரில் முதலாளி அவளைத் தனியே அழைத்து, பிரதிநிதிப் பதவியை விட்டால் மேற்பார்வை வேலை தருவதாகச் சொன்னார். புறநகரில், கார்ஜில் பெரிய வீடு எடுக்கலாம், யோசித்துப் பார் என்றார் கணவர் அம்புறோஸ். அவள் யோசிக்கவில்லை. வேண்டாம் என்பதைத் தானே பதிவேட்டில் எழுதி, முதலாளியிடம் கையெழுத்தும் வாங்கினாள்.

எண்பத்தொன்பதில் ஏழாவது தடவை நின்றாள். எதிரே நிறுத்தப் பெர்னாருக்கு ஆள் கிடைக்கவில்லை. முடிவு அறிவித்த கையோடு அவள் அடுத்த கேள்வியை நீட்டினாள்: பிள்ளைத்தாய்ச்சிகள் ஈரக் கூடை தூக்குவது எந்தத் திகதியிலிருந்து நிற்கும்?