வொர்க் ஏரியா இல்லாத வீடு

புதுப்பித்த வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டியது, இல்லாத ஒரு சுவரை. "இங்கே ஒரு சுவர் இருந்தது" என்பேன். அவர்களும் மரியாதைக்கு அந்தக் காற்றைப் பார்த்துத் தலையசைப்பார்கள்.

கரமனை அக்ரஹாரத்தில் எங்களுடையது ரயில் பெட்டி மாதிரியான வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். நீளத்துக்கு மட்டும் குறைவில்லை. கடைக்கோடியில், அடுக்களைக்குப் பின்னால், அப்பா ஒரு வொர்க் ஏரியா கட்டியிருந்தார். கேரளத்தில் அது இல்லாத வீடு அபூர்வம். பாத்திரம் தேய்க்க, தேங்காய் துருவ, காய் நறுக்க ஒரு சின்ன அறை. அப்பாவுக்குக் காரணம் வேறு. வேலைக்கு வருகிறவர்கள் பின்பக்கச் சந்து வழியாக வந்து, அடுக்களைக்குள் காலெடுத்து வைக்காமல் அப்படியே திரும்பிப் போகவேண்டும். இதை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொல்லத் தேவையில்லாதபடி சுவர் வைத்திருந்தார்.

நான் வாய்விட்டுச் சொல்கிற ஜாதி. சமத்துவத்தைப் பற்றிப் பல வருடங்களாகக் கட்டுரை எழுதுகிறேன். படிப்பவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள் என்பதால் விளைவு எதுவும் வெளியே தெரிந்ததில்லை. ஆகவே வீட்டைப் புதுப்பிக்கும்போது கொள்கையைச் செங்கல்லிலேயே காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன்.

வரைபடம் போட வந்த ஆர்க்கிடெக்ட் ஓர் இளம் மலையாளிப் பெண். "வொர்க் ஏரியா இல்லாத வீடு ஞான் இதுவரை வரைஞ்சதில்ல, சாரே" என்றார் தயக்கத்துடன். வொர்க் ஏரியா என்பது சாதியின் கட்டட வடிவம் என்று அவருக்கு அரைமணி நேரம் விளக்கினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, உடைத்துவிடலாம் என்றார்.

வங்கியிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த என் மனைவி கடைசி ஐந்து நிமிடத்தைக் கேட்டாள். "கேட்டேளா, சமத்துவத்துக்கு சுவரை எல்லாம் இடிக்க வேண்டாம். ஒரு நாள் நீங்க பாத்திரம் தேய்ச்சாப் போரும்."

குறுகிய பார்வை என்று அதை ஒதுக்கினேன்.

சுவர் போயிற்று. சந்துப் பக்கத்து வாசலையும் அடைத்தோம். அடுக்களையும் சாப்பாட்டு இடமும் ஒன்றாகி, நடுவில் ஆறு பேர் உட்காரும் தேக்கு மேசை வந்தது. பின்னால் மிச்சமிருந்த இடத்தில் நான் எழுதுவதற்கு ஓர் அறை.

எங்கள் வீட்டில் பத்து வருடமாக வேலை செய்கிறவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். மார்த்தாண்டத்துக்காரர், கணவர் சாலை பஜாரில் மூட்டை இறக்குகிறார். அக்கா முதல்முறையாக முன்வாசல் வழியாக வந்த அன்று அறிவித்தேன்: "இனிமே மத்தியானம் எல்லாரும் இந்த மேசையில ஒண்ணா சாப்பிடறோம்."

"அதுக்கென்ன சாரே" என்றார்.

முதல் நாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எங்கள் சாம்பாரைச் சாப்பிட்டார். இரண்டாம் நாள் பசியில்லை என்றார். மூன்றாம் நாளிலிருந்து, "கடைக்குப் போயிட்டு வருதேன்" என்று பையோடு கிளம்பி, அரைமணி கழித்து எதுவும் வாங்காமல் திரும்பினார். தலைமுறை தலைமுறையாக வந்த கூச்சம், போகக் கொஞ்ச காலம் ஆகும் என்று மனைவிக்கு விளக்கினேன். மனதுக்குள் அதைக் கட்டுரையாகவும் ஆரம்பித்திருந்தேன்.

ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம் மாத்திரை வாங்கப் போனவன், மழைக்குப் பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கினேன். பெஞ்சு ஓரத்தில் அக்கா. சேலை பாதி நனைந்திருந்தது. மடியில் எவர்சில்வர் டப்பா. அதில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும்.

"என்னக்கா, இங்கே?"

"பின்ன எங்க சாரே? உங்க மேசையில வச்சா இதைத் தொறக்க?"

"தாராளமாத் திறக்கலாமே" என்றது என் வாய். காற்று என் பக்கம் திரும்பியது. கை தன்னிச்சையாக மூக்குக்குப் போய்விட்டது.

அக்கா சிரித்தார். "கண்டியளா!"

மூக்கிலிருந்து கையை இறக்கினேன். அவரே தொடர்ந்தார். "முந்தி பொறத்த எனக்குன்னு ஒரு எடம் இருந்துது. கதவச் சாத்திட்டு மீனத் தின்னுட்டு, கால நீட்டி, மோளுக்கு போன் போடுவேன். இப்ப எங்க திரும்பினாலும் சாருக்க மொகந்தான். சோறு திங்கும்போதுமா அதையே பாக்கணும்?"

கரமனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபிளாட்டில் அவரை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே வொர்க் ஏரியா இருக்கிறது. ஒன்றாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

"போயிடுவீங்களா?"

"மழ நின்னா போவாம இருக்க யோசிக்கலாம். இது ஆவணி வரைக்கும் பெய்யும்."

நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தேன். ஒதுக்கி வைப்பதற்காக அப்பா கட்டிய இடத்தில் அக்கா ஓர் ஆணி அடித்துப் பையை மாட்டி, முக்காலி போட்டுக் குடியேறியிருந்தார். பத்து வருடமும் நான் பார்த்தது சுவரின் என் பக்கத்தை மட்டும். என் மேசையும் எல்லோருக்குமானதுதான், அதில் வைக்கும் சாப்பாடு என்னுடையதாக இருக்கும்வரை. அப்பா கட்டினார், நான் இடித்தேன். இரண்டு பேருமே அங்கே நாள் முழுக்க நிற்கப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அக்கா போய்விட்டால் அவளுடைய காலை நேரம் என்னவாகும் என்று இருவருக்கும் தெரியும். அவள் எழுந்து பின்பக்கம் போய் நின்று பார்த்தாள்.

"ஊர்ல இருக்கற சுவரை எல்லாம் இடிச்சேள். உங்க ரூமுக்கு மட்டும் எப்படிக் கதவு வச்சேள்?"

"எழுதறதுக்குத் தனிமை வேண்டாமா?"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே கேட்டுவிட்டது. அவள் எனக்குக் காப்பி கலக்கப் போனாள். அந்தப் பெருந்தன்மையைத்தான் தாங்க முடியவில்லை.

என் அறை அக்காவுக்கென்று முடிவாயிற்று. எப்படி வேண்டும் என்று மறுநாள் அவரிடமே கேட்டோம். குழாய் எங்கே, பிளக் எங்கே, ஜன்னல் எவ்வளவு திறக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. ஆர்க்கிடெக்டிடம் நான் அரைமணி நேரம் பேசியதைவிடத் தெளிவாக, இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். "தாப்பா உள்பக்கம் வேணும்" என்றார் கடைசியாக. கொத்தனார் வந்து சந்து வாசலைத் திரும்பவும் திறந்தார். என் புத்தகங்கள் மாடிக்குப் போயின. ஒன்றாம் தேதி அக்கா எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார், சந்து வழியாக. முன்வாசல் வழியாக வந்தால் சுற்று என்றார்.

இப்போது நான் குக்கருக்கும் மிக்ஸிக்கும் நடுவே, தேக்கு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன வாரம் அக்காவின் அறை அலமாரியின் மேல்தட்டில் எதையோ தேடி உள்ளே போனவன், மூக்குக் கண்ணாடியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஞாபகம் வந்து திரும்பிப் போனபோது கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"ஆரு?"

"நான்தான். கண்ணாடி உள்ளே இருக்கு."

"தின்னுட்டிருக்கேன் சாரே. ஒரு பத்து நிமிஷம்."

மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒரு வரியும் தெரியாது. உள்ளே மகளோடு போன் பேச்சு ஆரம்பித்துவிட்டது. எதற்கோ இரண்டு பேரும் சிரித்தார்கள். மணி ஒன்றே கால்தான் ஆகியிருந்தது. அக்காவின் சாப்பாட்டு நேரம் இரண்டு வரைக்கும்.