இறங்கியதும் ஒரு போன்

வத்தலக்குண்டில் ஏறிய பஸ்ஸில், ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டி டவர் தேடிக்கொண்டிருந்தேன். போன் கம்பெனியை வைதும் தீர்த்தேன். பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பெண்தான், "ஃப்ளைட் மோடுல இருக்கு அங்கிள்," என்றாள். ஐதராபாத்தில் மகளைப் பார்த்துவிட்டு, காலையில் மதுரையில் விமானம் இறங்கி, அங்கே கடைகண்ணி வேலைகளை முடித்துக் கிளம்பியதில் ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. யாரும் கூப்பிடவில்லையே என்று அதுவரை நிம்மதியாக வேறு இருந்திருக்கிறேன்.

அதை எடுத்துவிட்டதும் சாகுல் பாயின் எண்ணிலிருந்து இரண்டு மிஸ்டு கால். கீழே அவர் மகனின் செய்தி: "அத்தா மௌத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." மணி நாலரை, அஸர் நேரம். பஸ் அப்போதுதான் மலையேறத் தொடங்கியிருந்தது.

கொடைக்கானல் பஜாரில் அவரிடம் போன் பழுது பார்த்தவர்களுக்கு அந்தக் கடை ரேடியோ நினைவிருக்கும். அதற்கு முந்தைய வாரம், முதல்முறை விமானம் ஏறுமுன், போனை அணைக்காவிட்டால் விமானம் விழுந்துவிடுமா என்று அவரிடம் கேட்டேன். சிரிக்கவில்லை. பாடிக்கொண்டிருந்த ரேடியோ பக்கத்தில் என் பழைய போனை வைத்து, தன் போனிலிருந்து கூப்பிட்டார். பாட்டுக்கு நடுவே கரகரவென்று இரைந்தது.

"ஒங்க ஒரு போனு பிளேனக் கவுத்துறாதுண்ணே. ஆனா எறக்குற நேரத்துல அந்த பைலட்டு மனுசன் காதுல இந்த எரைச்சல் எதுக்கு?"

ஒன்பதாவது படித்தவனுக்கு விமானமே புரிந்துவிட்ட பெருமை. மறுநாள் கட்டிய பெட்டியைத் திறந்து காட்டினேன். மகளுக்கான எங்கள் பூம்பாறைப் பூண்டுக்கு நடுவே, வயிறு உப்பிய என் பவர் பேங்க். பாய் முகம் மாறிவிட்டது.

"சிக்னலுக்குப் பயந்துட்டு நெருப்பப் பெட்டிக்குள்ள வச்சிருக்கீங்களேண்ணே. பிளேனுக்கு அடியில சரக்கோட பத்திக்கிட்டா யாரு பாப்பா?"

அதை எடுத்துப் போய்க் கடைக்குப் பின்னால் மணல் நிரப்பிய தகர டின்னில் வைத்தார். தன்னுடைய நல்லதை என் கைப்பையில் திணித்தார். திரும்பி வந்து மதுரையில் இறங்கியதும் வெரசா ஒரு போன் போடச் சொன்னார். போடுகிறேன் என்றேன்.

நான் அடக்கம் நடந்த மையவாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மகன் மட்டும் நின்றான்.

"நெஞ்சு வலின்னு படுத்திருந்தாங்க. அப்பவும், பூம்பாறை அண்ணன் எறங்கிட்டாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

டவர் இல்லை என்று அவனிடம் பொய் சொன்னேன்.

அந்தப் பவர் பேங்க்கைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டான். என்னிடம்தான் இருக்கிறது. எதற்குப் பயப்பட வேண்டும் என்று அவர் காட்டியதும் என்னிடம் இருக்கிறது.

அன்று ஈர மண்ணைப் பார்த்தபடி நின்றேன். பக்கத்தில் மகன் நின்றதால், வாய் வரை வந்ததைச் சொல்லவில்லை.

எறங்கிட்டேன், பாய்.