சவுக்கைச் சாய்க்கச் சொன்ன காவலர்

எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான், சொந்த உழைப்பில் மூன்று ஜேசிபி வாங்கியவன். மானாம்பதிப் பக்கம் என்னை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. ஒருவர் பேசினார். எங்கள் ஊர்க் காப்புக்காட்டின் வனக்காவலர் அவர். ஒல்லி உடம்பு, வெளுத்த காக்கிச் சட்டை. யாரோடு பேசினாலும் கண் மட்டும் காட்டின் மேலேயே இருக்கும்.

போன பங்குனியில், வெட்டிய கரும்பின் தோகைக்கு நான்தான் தீ வைத்தேன். காற்று திரும்பியதும் தீ என் சவுக்குத் தோப்பை நோக்கி ஓடியது. தோப்பை ஒட்டியே காடு. அவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஜேசிபிய எட்தாந்து காட்டோரத்து சவுக்க சாச்சிடு நைனா. இல்லன்னா காடு பத்திக்கும்."

"இன்னாயா பேசற? நான் தண்ணி ஊத்தி வளத்த மரம்!"

"அத்தான் சொல்றேன். உன்னுது போனா மறுபடி நட்டுக்கலாம். அங்க கீற வீர மரத்தையும் பால மரத்தையும் யாரு நட்டது? எரிஞ்சா எந்த நர்சரில வாங்கி வெப்ப?"

அனல் முகத்தில் அடித்தது. நானே வண்டியில் ஏறி, ஆறு வரிசைச் சவுக்கைச் சாய்த்துத் தீப்பக்கம் தள்ளி, தரையை வெறும் மண்ணாக்கினேன். அந்த மண் வரை வந்து தீ நின்றது.

நன்றி சொல்வார் என்று நின்றேன். அவர் காட்டைப் பார்த்தபடியே நோட்டை எடுத்தார்.

"தீ வெச்சது நீதான? உன் பேரு தெரியும். அப்பா பேரு சொல்லு நைனா."

வழக்கு இன்னும் நடக்கிறது. எந்த அதிகாரிக்கும் பைக்கை நிறுத்தாத நான், அவர் நிற்கும் இடத்தில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். ஏன் என்று எனக்கே புரியவில்லை.