இலையில் வைத்த உப்பு

எனக்குக் கிட்னி, அதாவது குண்டிக்காய், கெட்டுவிட்டது என்று பெங்களூர் டாக்டர் சொன்னபோது முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆட்டுக்கறி வாங்கும் இடத்தில் மட்டும் காதில் விழுகிற பேர் அது. அவர் சிரிக்கவில்லை. இது தீருகிற நோய் அல்ல, கூடவே இருக்கும், உப்பைத் தொடக்கூடாது, தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்றார்.

தேன்கனிக்கோட்டைக்குத் திரும்பிய பிறகு காலையில் எழுந்ததும் நீர் கோத்து வீங்கியிருக்கிறதா என்று முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது வழக்கமாயிற்று. பள்ளம் விழாவிட்டால், பெருமாளே, இன்றைக்கு நான் ஜெயித்தேன் என்பேன். விழுந்தால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நாத்தனார் கேலி செய்தாள். குப்பையில் போட்டாலும் முளைத்து வருவேன் என்று திருப்பிக் கொடுத்தேன். என் வாய்க்கு எந்த நோயும் கிடையாது.

அந்தப் பங்குனியில் என் மகளுக்குக் கல்லாவியிலிருந்து வரன் வந்தது. முன்பு வந்த ஒரு வரன் என் முகவீக்கத்தைப் பார்த்துவிட்டு, தாய்க்கு இருப்பது மகளுக்கும் வரும் என்று சொல்லிக் கைவிட்டுப் போயிருந்தது. அதிலிருந்து என் பெண் கண்ணாடி பார்ப்பதையே விட்டிருந்தாள். இந்த வரனும் போனால் என்னால்தான் போனது என்றாகும். அந்த நினைப்பு என்னை அரித்தது.

கல்லாவியில் மாப்பிள்ளை வீடு பார்த்து, அங்கே கை நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி. பாயசம் மட்டும் குடித்து எழுந்தால் விருந்தாளி. உப்புப் பண்டம் சாப்பிட்டால்தான் உறவு. சாப்பிடாமல் எழுந்தால் பெண் தர மனமில்லை என்று அர்த்தம். ஊத்தங்கரை பஸ்ஸில் என் வீட்டுக்காரர் காதருகே குனிந்து, நாலு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, நோயைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே என்றார். போன தீபாவளிக்கு ஒரு வாய் முறுக்கு தின்றுவிட்டு, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே மூச்சுவிட்டது அவருக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவருக்கும் அவள் மகள்தானே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நல்ல வீடு. பையன் தலை நிமிராமல் வணங்கினான். இலை போட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் மாப்பிள்ளையின் அம்மா உப்புக் கிண்ணத்தோடு வந்து, என் இலை ஓரத்தில் உப்பு வைத்தார். பின்னாலேயே சோறு விழுந்தது, குழம்பும் வந்தது. என் கை தானாகவே இலையை மறித்துக்கொண்டது. குழம்பு ஊற்ற வந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"அவளுக்கு விரதமுங்க, உப்பு சேர்க்கமாட்டா" என்று என் வீட்டுக்காரர் அவசரமாகச் சொன்னார்.

"எந்த சாமிக்கு?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா. சந்தேகப்பட்டு அல்ல, பக்தியோடுதான் கேட்டார்.

பெருமாள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. தினமும் காலையில் யாரிடம் உயிர் கேட்கிறேனோ, அவர் பேரிலேயே பொய் விரதமா?

"விரதமில்லைங்க. எனக்குக் குண்டிக்காய் நோவு. தீராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எம் பொண்ணுக்கு ஒரு குறையுமில்லைங்க."

மாப்பிள்ளையின் அப்பா இலையை விட்டு எழுந்து கொல்லைக்குப் போனார். மனைவியையும் கூப்பிட்டார். உள்ளேயிருந்து முணுமுணுப்பு கேட்டது, சொல் எதுவும் பிடிபடவில்லை. என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. பெருமாளே, உன் பேரை நான் காப்பாற்றிவிட்டேன், என் பெண்ணை நீ காப்பாற்று என்று வேண்டினேன். வேண்டினேன் என்பதைவிட, சண்டை போட்டேன் என்றே சொல்லலாம். வீட்டில் காத்திருக்கும் மகளிடம் என்ன சொல்வது?

அந்த அம்மா திரும்பி வந்தார். என் முன்னால் உட்கார்ந்து, இலையிலிருந்த உப்பைத் தன் விரலாலேயே வழித்து எடுத்தார். உப்புப் போடாத தயிரைக் கொண்டுவந்து சோற்றில் ஊற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தி, டாக்டர் கெடு ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை என்றேன்.

"கல்யாணத்தை வர்ற தை மாசத்துக்குன்னு பேசி வெச்சிருந்தோம். வேண்டாம் சம்பந்தி, வைகாசியிலயே வெச்சிக்கலாம். தாரை வாக்க நீங்க இருக்கணுமில்ல."

சம்பந்தி என்றுவிட்டார். என் மகளுக்கு வாழ்வு வந்துவிட்டது. நான் செத்துப்போகலாம் என்பதை என் முகத்துக்கு நேராக முதல் முதலாகச் சொன்னவரும் அவர்தான். வீட்டில் யாரும் சொன்னதில்லை, நானும் எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை. என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினேன்.