படிக்கட்டில் பதினோரு நிமிஷம்

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. அதில் ஆறு வருடத்தை, உலகம் முழுக்கப் பேர் தெரிந்த ஒரு பெரிய கம்பெனிக்காக வீடியோ பார்த்தே கழித்திருக்கிறாள். ஆனால் அந்தக் கம்பெனியின் ஆள் என்று ஒரு நாளும் அவளை யாரும் சொன்னதில்லை.

கட்டடம் கம்பெனியுடையது. கணினி கம்பெனியுடையது. நடுவில் ஒரு ஏஜென்சி. சம்பளமும் கழுத்து அட்டையும் அவர்கள் தருவது. கம்பெனி ஆட்களுக்கு நீல அட்டை, ஏஜென்சி ஆட்களுக்கு ஆரஞ்சு. நீலத்தைக் காட்டினால் கீழ்த்தளக் கேண்டீன் கதவு திறக்கும். ஆரஞ்சைக் காட்டினால் சிவப்பு விளக்கு எரிந்து 'பீப்' என்று கத்தும். புதிதாகச் சேர்கிறவர்கள் ஒரு தடவையாவது அந்தச் சத்தத்தைக் கேட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, அசடு வழிந்தபடி மேலே வருவார்கள். மேலே அவர்களுக்கென்று ஒரு மைக்ரோவேவ் இருந்தது. அதன் கதவை இடுப்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டால்தான் சூடாகும்.

வேலை இதுதான். இது தப்பான வீடியோ என்று யாரோ எங்கிருந்தோ புகார் கொடுப்பார்கள். அது அவர்கள் திரைக்கு வரும். பார்த்துவிட்டு, வைக்கலாமா தூக்கலாமா என்று சொல்ல வேண்டும். அடி, உதை, ரத்தம், அதைவிட மோசம். முழுதாகப் பார்க்க வேண்டும், சத்தத்தோடு பார்க்க வேண்டும், வேகமாகவும் பார்க்க வேண்டும்.

அவளை அந்த மாடியில் எல்லாரும் மூலையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம், எந்த வீடியோ வந்தாலும் அவள் கண் நடுவில் போகாது, மூலைக்குப் போகும். வரப்போகும் விபரீதம் முதலில் மூலையில்தான் தெரியும்: பாதி திறந்த கதவு, கவிழ்ந்து கிடக்கும் செருப்பு, ஓரமாக ஒதுங்கும் ஆட்கள். அதைப் பார்த்துவிட்டால் மனசு ஒரு நொடி முன்னாலேயே பல்லைக் கடித்துக்கொள்ளும். கூடவே, மேஸ்திரி கண்ணில் படாமல் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவாள். ஆறு வருடம் அவள் தாக்குப்பிடித்தது இந்த இரண்டால்தான்.

வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. நாத்தனார் குழந்தை முதல் அடி எடுத்து வைத்த வீடியோவை எல்லாரும் கூடிப் பார்த்தபோது, அவள் கட்டைவிரல் தானாகப் போய்ச் சத்தத்தை அமுக்கியது.

"பாரு, புள்ள மொகத்தப் பாக்காம பின்னாடி இருக்கிற கதவப் பாக்குறா," என்றாள் மாமியார். "நாள் பூரா படம் பாக்குறதுக்குச் சம்பளம் வாங்குறவளுக்கு நம்ம வீட்டுப் படம் எங்க புடிக்கும்?"

கணவன் லிப்ட் மெக்கானிக். "விடும்மா, அவளே களைச்சு வந்திருக்கா," என்றான்.

"உக்காந்து படம் பாத்தா களைப்பு வருமாக்கும்? அப்ப நான் சீரியல் பாக்குற பாட்டுக்கு எனக்கு ஆஸ்பத்திரியில பெட்டு போடணும்."

வேலையைப் பற்றி வீட்டில்கூட மூச்சு விடமாட்டேன் என்று சேர்ந்த அன்றே மூலையக்காவிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

மாடியின் மேஸ்திரிக்கு நிமிஷம் சார் என்று பெயர். அவளைவிடச் சின்னவர். காரியம் ஆக வேண்டுமென்றால் 'அக்கா' என்பார், கோபம் வந்தால் 'மேடம்' என்பார். நாற்காலியை விட்டு எழுந்தாலோ, வந்த வீடியோவைத் தொடாமல் இருந்தாலோ திரையின் ஓரத்தில் மஞ்சள் பட்டை ஓட ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்தில் சிவப்பாகும். சிவப்பானால் அவர் வந்து நிற்பார்.

அவள் பக்கத்து நாற்காலிக்காரிக்குப் பாட்டுக்காரி என்று பெயர். வேலை நடுவே தனக்கே தெரியாமல் முனகுவாள். சுருதி ஒரு பக்கம், ராகம் ஒரு பக்கம். ஒரு நாள் முனகல் நின்றது. மூலையக்கா திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலி. அன்று அவள் திரையில் வந்தது என்னவென்று பாட்டுக்காரி யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அந்த மாடியில் அதுதான் மரியாதை. பின்பக்கப் படிக்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பதினோரு நிமிஷம். அந்த மாதத்தில் அது மூன்றாவது சிவப்பு; மூன்றானால் வேலை போய்விடும். மறுநாள் வாசலில் அவள் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.

மூலையக்கா நேராக நிமிஷம் சாரிடம் போனாள்.

"அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிடுங்க சார். இனிமே மோசமானது ஒண்ணு பாத்தா எந்திரிச்சுப் போய்ட்டு வர விடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"சிஸ்டம் எழுதினதை நான் எப்படிக்கா அழிக்கிறது?"

"நாற்காலி காலின்னுதான் சார் சிஸ்டத்துக்குத் தெரியும். அவ அங்க வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது தெரியுமா?"

"ஏஜென்சிகிட்ட பேசுங்க."

ஏஜென்சியில், அது கம்பெனி வகுத்த விதி என்றார்கள். கம்பெனி வரவேற்பறையில், ஆரஞ்சு அட்டையைப் பார்த்ததுமே, "உங்க ஏஜென்சிகிட்ட பேசுங்க," என்றார்கள். பந்தாடுவது என்றால் என்னவென்று அந்த வாரம் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. பாட்டுக்காரிக்கு போன் போட்டாள்.

"விடுங்கக்கா," என்றாள் அவள். "என்னால உங்களுக்கும் கெட்ட பேரு."

"நீ சும்மா இரு. விடுறதா இல்லையான்னு நான் பாத்துக்குறேன்."

அடுத்த வாரம் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து நீல அட்டைக்காரர்கள் ஐந்து பேர் மாடியைப் பார்க்க வந்தார்கள். ஊழியர் நலம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவாம். காலையிலேயே வரிசைக்கு வரிசை பூந்தொட்டி முளைத்திருந்தது. ஒன்றில் விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. சுவரில், மூச்சை இழுத்து விடச் சொல்லி ஒரு படம்.

நிமிஷம் சார் கையைத் தட்டினார். "இன்னைக்கு உங்களுக்கெல்லாம் நல்ல வீடியோவாப் போட்டு வெச்சிருக்கேன். பூனைக்குட்டி, நாய்க்குட்டி, கேக் வெட்டுறது. அவங்க கிளம்புற வரைக்கும் தாங்கும். சிரிச்ச மொகமா இருங்க."

மூலையக்கா முதல் பூனையைப் பார்த்தாள். மூலையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பட்டென்று அடுத்தது வந்தது. அதுவும் பூனை. நாலாவது பூனையில் அவளுக்குச் சூட்சுமம் விளங்கிவிட்டது. நிமிஷம் சார் கணக்குப் போட்டது வழக்கமான வீடியோவின் வேகத்தில். பூனைக்கு எதற்கு அவ்வளவு நேரம்? ஒரு கண் சிமிட்டல் போதும். இவை தீர்ந்துவிட்டால் அடுத்து நிஜமானவை தாமாகவே திரைக்கு வந்துவிடும். வேகம் வேகம் என்று வருடக்கணக்காகக் கண்ணில் விரலை விட்டு ஆட்டிய மனிதர், அவர்கள் எவ்வளவு வேகம் என்பதை மறந்துபோயிருந்தார்.

பாட்டுக்காரியின் காலி நாற்காலியைத் தாண்டி உட்கார்ந்திருந்தவர் ஒரு வழுக்கைத் தலைக்காரர். அடுத்து யார் வேலையை விடுவார்கள் என்று சரியாகச் சொல்வதால் அவருக்கு ஜோசியர் என்று பெயர்.

"ஜோசியரே, ஓட்டுங்க."

"எதை?"

"பூனையை. எல்லாத்தையும் தீத்துக் கட்டுங்க. பின்னாடி வரிசைக்கும் சொல்லுங்க."

அவர் ஒரு நொடி அவளையே பார்த்தார். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு. "உனக்கு இன்னைக்குக் கட்டம் சரியில்லம்மா," என்று சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பினார்.

சொல் வரிசை வரிசையாகப் பரவியது. விசைகள் மழை மாதிரி சடசடத்தன. விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு உள்ளே வந்த நிமிஷம் சார், சுவர்த் திரையில் விறுவிறுவென ஏறும் கோட்டைக் காட்டிப் பூரித்துப்போனார். "பாத்தீங்களா, எங்க டீமோட வேகம்!"

விருந்தாளிகளில் ஒரு பெண், கனத்த கண்ணாடி போட்டவள், மூலையக்காவின் பின்னால் வந்து நின்றாள். திரையில் யாரோ கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருக்கே. தினமும் இதுதானா?"

கேக் போனது. அடுத்தது வந்தது. மூலையில் பாதி திறந்த ஒரு கதவு, அதன் கீழே குப்புறக் கிடக்கும் ஒற்றைச் செருப்பு. அவள் விரல் வழக்கம்போலச் சத்தத்தைக் குறைக்கப் போனது. பாதி வழியில் நிறுத்திக்கொண்டாள்.

"இது வேற மேடம். இதுதான் எங்க வேலை. கேக்குறீங்களா?"

"கேக்கலாமே," என்றாள் கண்ணாடிக்காரி. முகத்தில் இன்னும் கேக் பார்த்த சிரிப்பு.

மூலையக்கா ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள்.

ஓர் ஆள் கெஞ்சுகிற குரல் மாடி முழுக்கக் கேட்டது. என்ன பாஷை என்று தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. விசைகளின் சடசடப்பு நின்றது. அந்தக் குரல் மட்டும் ஓடியது.

"நிறுத்துங்க மேடம்!" நிமிஷம் சார் ஓடி வந்தார்.

"முழுசாப் பாக்கணும், சத்தத்தோட பாக்கணும்னு ரூல் போட்டது நீங்கதானே சார்?" அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இப்போது மூலையைப் பார்க்கவில்லை, நடுவிலேயே பார்த்தாள்.

குரல் நிற்பதற்குள் கண்ணாடிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். பின்பக்கக் கதவு அறைந்து மூடியது. அந்தக் கதவு எங்கே போகிறது என்று மாடியில் தெரியாதவர் இல்லை.

மூலையக்கா 'தூக்கு' என்று விசையைத் தட்டினாள். அடுத்து வந்த வீடியோவைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையோரம் மஞ்சள் பட்டை ஓடிச் சிவப்பானது. நிமிஷம் சார் மீதி நாலு விருந்தாளிகளிடமும் ஏதேதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். போனவள் திரும்பவில்லை.

"சார்," என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கும்படி. "அந்தம்மா போய்ப் பதினோரு நிமிஷம் ஆயிடுச்சு. எழுதியாச்சா?"

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். ஜோசியர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அடுத்து அவருக்குப் பின்வரிசை. பிறகு நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் மட்டும்தான்.

மூலையக்காதான் முதலில் படிக்கட்டுக்குப் போனாள். கண்ணாடிக்காரி கீழ்ப்படியில், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூலையக்கா தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

"இதைத் தினமும் எப்படிப் பாக்குறீங்க?"

"பாக்குறதுகூட ஒரு மாதிரி பழகிடும் மேடம். எந்திரிக்க விடாததுதான் பழகல. இதே படியில உக்காந்ததுக்கு ஒரு பொண்ணுக்கு வேலை போயிருக்கு. அவளைத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்க."

"நீங்க ஏஜென்சி ஆளுங்க. நான் நேரா சொல்ல முடியாது. அதுக்கு ஏஜென்சிகிட்ட…" சொல்ல வந்ததை அவளே பாதியில் விழுங்கிவிட்டாள்.

"ஏஜென்சிகிட்ட நீங்க பேசிக்கோங்க. நாங்க பேசிட்டோம்."

அதற்குள் படிக்கட்டு மேலே வரை நிரம்பியிருந்தது.

சாயங்காலம் அவள் ஆரஞ்சு அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும் வரை வரக்கூடாது என்று ஏஜென்சி சொன்னது. காரணம், விருந்தினர் முன்னிலையில் ஒழுங்கீனம். வீட்டுக்குப் போனதும், கையெழுத்தாவது ஒன்றாவது என்று, ஆறு வருடத்தையும் முதலிலிருந்து சொன்னாள். கணவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மாமியார் எல்லாவற்றையும் கேட்டாள்.

"பதினோரு நிமிஷம் எந்திரிச்சதுக்கா அந்தப் பொண்ணைத் தூக்குனான்? ஏன், அந்தக் கடங்காரனுக்கு வயிறுன்னு ஒண்ணு கிடையாதா?" சற்று யோசித்தாள். "விசாரணைக்கு நானும் வரவா?"

"வேணாம் அத்தை. அவங்க பாவம்."

இப்போது அந்த மாடியில், மோசமான வீடியோ ஒன்று முடிந்ததும் எழுந்து படிக்கட்டுக்குப் போகிறார்கள். சிஸ்டம் எல்லாரையும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் யாருடைய அட்டைக்கும் இதுவரை கதவு திறக்காமல் போகவில்லை. வாசல்காரர் சொல்லும் காரணம் எளிது: எல்லாரையும் நிறுத்தினால் உள்ளே விடுவதற்கு ஆள் இருக்காது.

விசாரணை வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு. பாட்டுக்காரியையும் அதே அறைக்கு அழைத்திருக்கிறார்கள். அன்றைக்கு மாடியின் ஆறு வரிசைக்காரர்களும் விடுப்புச் சொல்லியிருக்கிறார்கள்.