உம்மா வீட்டு வேன்

நிந்தவூர் முர்ஷிதின் உதைபந்தாட்ட வாழ்க்கையை இரண்டாகப் பிரித்தது கல்யாணம்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். கல்முனையில் ஸில்மியாவைக் கட்டியதும் அவருக்கு ஊரும் மாறியது, கழகமும் மாறியது. வெளிநாட்டில் ஓர் ஆட்டக்காரர் கழகம் மாற வக்கீல்கள் வேண்டுமாம். எங்களுக்கு ஒரு நிக்காஹ் போதும்.

அதற்கு முன்பு அவர் அறுவடை முடிந்த வயல்களில் பழகி, பள்ளிக்கூட அணியில் ஆடி, பன்னிரண்டு வருஷம் நிந்தவூர்க் கழகத்தின் பின்வரிசையைக் காத்தவர். கல்முனைக்கு வந்த பிறகு பகலில் ஸில்மியாவின் காக்கா, அதாவது மூத்த சகோதரர், காலிதீனின் ஹாட்வெயார் கடையில் வேலை, பின்னேரத்தில் மைதானம். காலிதீன்தான் எங்கள் கல்முனைக் கழகத்தின் தலைவர். முர்ஷித் வந்து மூன்று வருஷம் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

போன மாதம் இறுதியாட்டத்தில் எதிரே வந்தது நிந்தவூர். கோல் காத்தவன் முர்ஷிதின் சொந்தத் தம்பி நஸீம். ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனல்டிக்குப் போனது. கடைசி உதைக்கு யார் என்று கேட்டதும் காலிதீன் முந்திக்கொண்டார்.

“நீங்கதான் அடிக்கணும் மச்சான். ஊர் பாக்கட்டும்.”

இதைவிட மோசமான யோசனை அந்த மனுஷனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ! முர்ஷித் அடித்தார். நஸீம் பாய்ந்து தட்டினான். தோற்றோம்.

“உம்மாட ஊட்டுக்கு அடிச்சிட்டார்!” என்று, தாய் வீட்டுக்காக வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தது போல, காலிதீன் சனம் கேட்கக் கத்தினார்.

கொஞ்ச நேரத்தில் அடுத்த செய்தி வந்தது. முர்ஷித் நிந்தவூர் வேனில் ஏறிவிட்டாராம். அவருடைய போன் எங்கள் கழகத்துப் பையில் கிடந்து மணியடித்தது. தோற்ற கையோடு மாப்பிள்ளை உம்மா ஊர் வேனில் ஏறினால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: கோபித்துக்கொண்டு போய்விட்டார், இனிப் பெரியவர்கள் போய்ப் பேசி அழைத்து வரவேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரனான நானும் போய் முர்ஷித் வீட்டு முற்றத்தில் நின்றேன். ஸில்மியாவின் உம்மா, முர்ஷிதின் மாமி கைருன்னிஸா, மகன் காலிதீனைப் பிடித்து ஏசிக்கொண்டிருந்தார். “உன்ட வாயால என்ட மகள்ர குடும்பத்தக் கெடுத்திட்டியேடா!” காலிதீன் தலை நிமிரவில்லை. ஸில்மியா கேற்றைப் பார்த்தபடி நின்றாள்.

அந்தி மஃரிபு தொழுகை முடிந்த நேரம் ஓர் ஓட்டோ வந்து நின்றது. முர்ஷித் இறங்கினார். பின்னால், விரலில் கட்டோடு நஸீம்.

“பந்து பட்டு இவன்ட விரல் பிசகிட்டு. அவங்கட வேன்லதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனன்,” என்றார் முர்ஷித். அவ்வளவுதான் விஷயம்!

“அல்ஹம்துலில்லாஹ்! வாங்க மகன், தம்பியையும் கூட்டி வாங்க. சோறு ஆறுது,” என்று கைருன்னிஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போடக் குசினிக்குள் ஓடினார்.

முர்ஷித் அசையவில்லை. “ஸில்மியா, ஊர் என்னத்தையும் கதைக்கட்டும். நான் வேணுமெண்டு பந்தத் தவற விடல்ல. நீ நம்புறியா?”

“ஓம், நம்புறன். நீங்க தம்பிட கையில குடுக்க நினைச்சிருந்தா, உங்கட குறிக்கு அது கோலாப் போயிருக்கும்.”

முதலில் சிரித்தது காலிதீன். பிறகு நஸீம். முர்ஷித் பெரிய மூச்சொன்று விட்டு, சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனார்.